1959: எனக்குப் பிடித்த நான்கு ஜாஸ் ஆல்பங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்பதற்கு மட்டும் பொருந்துகிற சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

டிசம்பர் வந்துட்டா எல்லாரும் ஒரு லிஸ்ட் போடுவாங்க. இந்த வருஷத்தோட சிறந்த பத்து ஆல்பம், சிறந்த இருபது பாட்டுன்னு. எனக்கும் லிஸ்ட் பிடிக்கும். ஆனா போன மாசம் வந்த ஆல்பத்தை நாம இன்னும் நாலு தடவைகூட முழுசா கேட்டிருக்க மாட்டோம். அதனால இந்தத் தடவை, கேட்டுக் கேட்டுத் தேய்ஞ்சும் இன்னும் புதுசா இருக்கிற ஒரு பழைய வருஷத்தை எடுத்துக்கிட்டேன். 1959. இடம் அமெரிக்கா. இசை ஜாஸ்.

முதல்ல விதிமுறை. 1959ல் பதிவானது மட்டும் போதாது, அந்த வருஷமே கடைக்கும் வந்திருக்கணும். இந்த ஒரு விதியால ஜான் கோல்ட்ரேனோட 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' வெளியே போயிடுது. அதுல பெரும்பகுதி 1959 மே மாசம் பதிவானது, ஆனா ஆல்பம் வெளிவந்தது 1960 ஆரம்பத்துல. மனசு கேக்கலை, ஆனாலும் விதி விதிதான்.

மிச்சம் நாலு ஆல்பம். அதுல மூணு ஒரே கம்பெனி, ஒரே ஸ்டூடியோ. நியூயார்க்ல 207, கிழக்கு 30ஆம் தெருவுல இருந்த கொலம்பியா ஸ்டூடியோ. அது முன்னாடி ஒரு சர்ச். உயரமான கூரை, நல்ல எதிரொலி. இப்ப அந்தக் கட்டடமே கிடையாது. அந்த ஹாலுக்குள்ளே சில மாச இடைவெளியில மூணு குழுக்கள் வந்து, ஜாஸ்ல அதுவரை கேள்வி கேட்காம பின்பற்றிட்டு வந்த பழக்கங்களை மாத்திட்டுப் போயிருக்காங்க. நாலாவது குழு அதையே கலிஃபோர்னியாவுல பண்ணுச்சு. கீழேயிருந்து மேலே போவோம்.

4. டைம் அவுட் – டேவ் புரூபெக் குவார்டெட்

ஜாஸ் கேட்டுப் பழக்கமே இல்லாதவங்க இதுல ஆரம்பிக்கலாம். காரணம் தாளம். அதுவரைக்கும் ஜாஸ்ல பெரும்பாலும் நாலு எண்ணிக்கைதான், அப்பப்போ மூணு வரும். புரூபெக் ஒரு முழு ஆல்பத்துக்கும் வேற கணக்குகளைக் கொண்டு வந்தார்.

'டேக் ஃபைவ்' உங்களுக்குத் தெரியாமலே எங்கேயாவது கேட்டிருப்பீங்க. அது 5/4. நம்ம ஊர்க்காரங்களுக்கு அஞ்சு பெரிய விஷயமே இல்லை, கண்டசாபுன்னு தொடையில தட்டிட்டுப் போயிடுவோம். ஒரு சின்ன வித்தியாசம் மட்டும் கவனிங்க. கண்டசாபு 'தக தகிட', அதாவது 2+3. டேக் ஃபைவ்ல பியானோ திரும்பத் திரும்ப வாசிக்கிறது 'தகிட தக', 3+2. அந்தப் பியானோவை மட்டும் பிடிச்சுக்கிட்டு 'தகிட தக' சொல்லிட்டே இருங்க. நடுவுல ஜோ மொரெல்லோ டிரம்ஸ்ல தனி ஆவர்த்தனம் மாதிரி ஒண்ணு பண்ணுவார். அவர் எங்கே போனாலும் உங்க 'தகிட தக' மேல வந்துதான் உட்காருவார்.

'ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்' இன்னும் சுவாரசியம். ஒன்பது எண்ணிக்கை. 'தக தக தக தகிட' மூணு தடவை, அப்புறம் 'தகிட தகிட தகிட' ஒரு தடவை. எல்லாம் ஒன்பதுதான், பிரிப்பு மட்டும் மாறுது. இந்தத் தாளத்தை புரூபெக் துருக்கியில, தெருவுல வாசிச்சவங்ககிட்ட கேட்டார். 1958ல் அமெரிக்க அரசு அந்தக் குழுவை ஒரு நீண்ட பயணம் அனுப்புச்சு. போலந்து, துருக்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கைன்னு. மெட்ராஸுக்கும் வந்தாங்க. மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளையோட சேர்ந்து வாசிச்சாங்க. டைம் அவுட் முழுக்க மெட்ராஸ்ல பிறந்ததுன்னு நான் பெருமை அடிக்க மாட்டேன். ஆனா அஞ்சையும் ஏழையும் ஒன்பதையும் சாதாரணமா போட்டுப் பேசுற ஊர்கள் வழியா போயிட்டு வந்த அடுத்த வருஷம் இந்த ஆல்பம் வந்தது.

கம்பெனியோட விற்பனைப் பிரிவுக்கு இது பிடிக்கலை. எல்லாமே சொந்த மெட்டு, தெரிஞ்ச பாட்டு ஒண்ணுகூட இல்லை, ஆடுறதுக்கும் தோதான தாளம் இல்லை, அட்டையில ஒரு நவீன ஓவியம் வேற. கம்பெனித் தலைவர் காடர்ட் லீபர்சன் ஆதரவா நின்னதால வெளிவந்துச்சு. பிறகு அமெரிக்க பாப் ஆல்பம் பட்டியல்ல 2ஆம் இடம் வரை போச்சு. டேக் ஃபைவை எழுதினது புரூபெக் இல்லை, சாக்ஸஃபோன் வாசிச்ச பால் டெஸ்மண்ட். 1977ல் அவர் இறந்தப்ப, அந்தப் பாட்டோட ராயல்டியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வெச்சுட்டுப் போனார்.

இன்னொரு விஷயம். இந்த நாலு பேர்ல பேஸ் வாசிச்ச யூஜின் ரைட் மட்டும் கறுப்பர். 1960 ஆரம்பத்துல தென் மாநிலக் கல்லூரிகள்ல ஒரு கச்சேரிப் பயணம் ஏற்பாடாகியிருந்தது. பெரும்பாலான கல்லூரிகள் 'அவர் இல்லாம வாங்க'ன்னு சொல்லிடுச்சு. புரூபெக் அந்தப் பயணத்தையே கைவிட்டார். ஆல்பம் கடைக்கு வந்து சில வாரம்கூட ஆகாத நேரம் அது. இதை மனசுல வெச்சுக்கோங்க, மத்த மூணு ஆல்பத்துலயும் இது வேற வேற உருவத்துல வரும்.

3. தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம் – ஆர்னெட் கோல்மன்

தலைப்பே கொஞ்சம் தைரியமானது. 'வரப்போகும் ஜாஸின் வடிவம்'. 1959 மே 22, ஹாலிவுட்ல பதிவாச்சு. கம்பெனி அட்லான்டிக்.

இந்த ஆல்பம் ஏன் அன்னைக்கு சண்டையைக் கிளப்புச்சுன்னு புரியணும்னா ஒரு அடிப்படை தெரியணும். வழக்கமான ஜாஸ்ல ஒரு பாட்டுக்குன்னு கார்டு வரிசை ஒண்ணு இருக்கும். கார்டுன்னா ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கிற சில ஸ்வரங்கள். பியானோக்காரர் அந்த வரிசையைச் சுத்திச் சுத்தி வாசிச்சுட்டே இருப்பார். தனியா கற்பனை பண்ணி வாசிக்கிறவர் அதுக்கு மேலதான் வாசிக்கணும். நம்ம கோடிங் பாஷையில சொன்னா, கார்டு வரிசை ஒரு டிபென்டன்சி. மேல இருக்கிற எல்லாமே அதை நம்பி ஓடுது.

ஆர்னெட் அந்த டிபென்டன்சியை எடுத்துட்டார். குழுவுல பியானோவே கிடையாது. ஆல்டோ சாக்ஸ், டான் செர்ரியோட சின்ன டிரம்பெட், சார்லி ஹேடனோட பேஸ், பில்லி ஹிக்கின்ஸோட டிரம்ஸ். அவ்வளவுதான். முதல்ல ஒரு மெட்டை ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்பாங்க. அப்புறம் அந்த மெட்டோட உணர்ச்சி எங்கே இழுத்துட்டுப் போகுதோ அங்கே போவாங்க. எந்த இடத்துல எந்தக் கார்டுங்கிற கணக்கு இல்லை. பேஸ்காரர் காதால கேட்டுக்கிட்டுக் கூடவே நடக்கணும்.

'லோன்லி வுமன்' மட்டும் கேளுங்க. டிரம்ஸ் வேகமா ஓடிட்டு இருக்கும். மேல மெட்டு மட்டும் அந்த வேகத்தோட சம்பந்தமே இல்லாம, விளம்பமா, ஒப்பாரி மாதிரி நீண்டு வரும். முதல் தடவை 'ரெண்டு பேரும் வேற வேற பாட்டு வாசிக்கிறாங்களா'ன்னு தோணும். மூணாவது தடவை அந்த இடைவெளிதான் பாட்டுன்னு புரியும்.

ஆர்னெட் வாசிச்சது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் சாக்ஸஃபோன். கிராஃப்டன்னு ஒரு பிரிட்டிஷ் தயாரிப்பு. பித்தளையில வாங்கக் காசில்லாம வாங்கினது. லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு பெரிய கடையில லிஃப்ட் ஆபரேட்டரா வேலை பார்த்துக்கிட்டே இசைப் புத்தகம் படிச்சவர் அவர். அதுக்கும் முன்னாடி, 1940களோட கடைசியில லூசியானாவுல வாசிக்கப் போனப்ப, ஒரு கும்பல் அவரை அடிச்சு அவரோட சாக்ஸஃபோனையும் நாசம் பண்ணுச்சு. 1959 நவம்பர்ல இந்தக் குழு நியூயார்க்ல 'ஃபைவ் ஸ்பாட்'ங்கிற கிளப்புக்கு வந்தது. ரெண்டு வாரத்துக்குன்னு வந்தவங்க ரெண்டு மாசத்துக்கு மேல வாசிச்சாங்க. கேட்க வந்த இசைக்கலைஞர்கள்ல பாதிப் பேர் மேதைன்னாங்க, பாதிப் பேர் ஏமாத்துறார்னாங்க.

2. கைண்ட் ஆஃப் ப்ளூ – மைல்ஸ் டேவிஸ்

பெரும்பாலான லிஸ்ட்ல இதுதான் முதல். என் லிஸ்ட்ல ரெண்டு. ஏன்னு கடைசியில சொல்றேன்.

ரெண்டே பதிவு நாள். மார்ச் 2, ஏப்ரல் 22. மொத்தம் அஞ்சு பாட்டு, முக்கால் மணி நேரம். வெளியானது ஆகஸ்ட் 17. அமெரிக்காவுல மட்டும் 50 லட்சம் பிரதிகள்னு 2019ல் சான்றிதழ் வாங்கியிருக்கு. ஜாஸ் ஆல்பத்துக்கு இது நம்ப முடியாத எண்ணிக்கை.

மைல்ஸ் பண்ண மாற்றத்தை நமக்கு விளக்குறது சுலபம். ஏன்னா அது நம்ம பக்கத்துல இருந்து பார்த்தா மாற்றமே இல்லை! கார்டுகளைக் குறைச்சுட்டு, ஒரு ஸ்வர வரிசையை எடுத்து அதுலயே ரொம்ப நேரம் தங்குறது. 'ஸோ வாட்' பாட்டை எடுத்துக்கோங்க. மொத்தச் சுற்று 32 அட்சரக் கட்டம். முதல் 16 கட்டம் டி டோரியன்கிற வரிசை. நம்ம பாஷையில, ரெண்டு கட்டை ஸ்ருதி வெச்சுக்கிட்டு கரகரப்பிரியாவோட ஸ்வரங்கள். அடுத்த 8 கட்டம் அதே ஸ்வர வரிசை, ஆனா ஸ்ருதி ரெண்டரைக் கட்டைக்கு ஏறிடும். கடைசி 8 கட்டம் திரும்ப ரெண்டு கட்டை. அவ்வளவுதான் மொத்த வரைபடமும். கரகரப்பிரியா ராகத்தோட கமகமோ பிடிகளோ அங்கே எதிர்பார்க்காதீங்க, ஸ்வரங்கள் மட்டும்தான் ஒண்ணு. அந்த அரைக் கட்டை ஏறுற இடத்துல ஜன்னல் திறந்த மாதிரி இருக்கும். அதைக் காதால பிடிச்சுட்டீங்கன்னா பாட்டு உங்களோடது.

இது எவ்வளவு பெரிய தாவல்னு புரிய, லிஸ்ட்ல இருந்து விலக்கின ஜயன்ட் ஸ்டெப்ஸைப் பக்கத்துல வைங்க. அதுல 16 கட்டத்துக்குள்ள 26 தடவை கார்டு மாறும், அதுவும் பேய் வேகத்துல. ரெண்டுலயும் டெனார் சாக்ஸ் ஒரே ஆள், கோல்ட்ரேன். ஏப்ரல் 22 அன்னைக்கு மைல்ஸோட ஆல்பத்துக்கு அமைதியா வாசிச்சவர், ரெண்டு வாரத்துல போய் அந்தப் புயலைப் பதிவு பண்ணார்.

இசைக்கலைஞர்களுக்கு முன்கூட்டி ஒத்திகை கிடையாது. மைல்ஸ் சில குறிப்புகளைக் கொண்டு வந்து கொடுத்தார், அவங்க வாசிச்சாங்க. பியானோ பில் எவன்ஸ். குழுவை விட்டுப் போயிருந்தவரை இந்த ஆல்பத்துக்காகவே மைல்ஸ் திரும்பக் கூப்பிட்டார். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'ல மட்டும் பியானோ விண்டன் கெல்லி. பில் எவன்ஸோட தொடுதலும் கெல்லியோட தொடுதலும் எப்படி மாறுதுன்னு கேட்டாலே ஒரு வாரம் ஓடும்.

இன்ஜினியர்களுக்காக ஒரு தகவல். மார்ச் 2ஆம் தேதி ஓடின முக்கிய டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு. மெதுவா பதிவானதைச் சரியான வேகத்துல ஓட்டினா என்ன ஆகும்? 44.1ல பதிவு பண்ண ஃபைலை 48ன்னு நினைச்சு பிளே பண்ண மாதிரிதான், அளவு மட்டும் ரொம்பக் கம்மி. வேகமும் ஸ்ருதியும் லேசா ஏறிடும். எல்.பி.யோட முதல் பக்கம் முழுக்க அப்படித்தான் உலகம் கேட்டுச்சு. கூடவே பியானோ வாசிச்சா ஸ்ருதி சேராது. நல்லவேளையா பாதுகாப்புக்கு இன்னொரு மெஷினும் ஓடியிருக்கு, சரியான வேகத்துல. அதை எடுத்து 1992 மறுவெளியீட்டுலதான் சரி பண்ணாங்க. 33 வருஷம் புரொடக்‌ஷன்ல இருந்த பக்!

இப்ப தெருவுக்கு வருவோம். ஆல்பம் வெளியாகி எட்டே நாள், ஆகஸ்ட் 25. மைல்ஸ் நியூயார்க்ல 'பேர்ட்லேண்ட்' கிளப்புல வாசிச்சுட்டு இருந்தார். இடைவேளையில ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்ஸி ஏத்திவிட்டுட்டு வாசல்ல நின்னார். ஒரு போலீஸ்காரர் நகரச் சொன்னார். நான் இங்கேதான் வாசிக்கிறேன்னு மைல்ஸ் சொன்னார். கிளப் வாசல்லயே அவர் பேர் போட்டிருந்தது. பேச்சு முத்தி, இன்னொரு அதிகாரி பின்னாடியிருந்து வந்து தடியால தலையில அடிச்சார். ரத்தம் வழிய ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவரோட கேபரே கார்டையும் பிடுங்கிட்டாங்க. அன்னைக்கு நியூயார்க் கிளப்புகள்ல வாசிக்கணும்னா போலீஸ் கொடுக்கிற அந்த அட்டை கையில இருக்கணும். அது போனா பிழைப்பு போச்சு. வழக்கு பிறகு தள்ளுபடி ஆச்சு. ஆனா அந்த ரத்தக்கறைச் சட்டையோட நிக்கிற புகைப்படம் இன்னும் இருக்கு.

கைண்ட் ஆஃப் ப்ளூவை 'ரிலாக்ஸ் பண்ண, படிக்க, தூங்க'ன்னு பிளேலிஸ்ட்ல போடுறாங்க. போடட்டும், அதுக்கும் அது நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த அமைதி, அமைதியான ஊர்ல இருந்து வரலை.

1. மிங்கஸ் ஆ உம் – சார்ல்ஸ் மிங்கஸ்

மே 5, மே 12. அதே 30ஆம் தெரு ஸ்டூடியோ. தலைப்பு லத்தீன் இலக்கணத்தைக் கிண்டல் பண்றது, 'அவன், அவள், அது'ன்னு வேற்றுமை மனப்பாடம் பண்ற மாதிரி.

மிங்கஸ் பேஸ் வாசிக்கிறவர், குழுத் தலைவர், இசையமைப்பாளர். அவர் பெரும்பாலும் நோட்ஸ் எழுதிக் கொடுக்க மாட்டார். பாடிக் காட்டுவார், பியானோவுல வாசிச்சுக் காட்டுவார், அவங்க காதால பிடிச்சுக்கணும். நம்ம பாட்டு கிளாஸ் மாதிரியேதான். அதனால இந்த ஆல்பத்துல ஊதுறவங்க பேப்பரைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருக்காது, கூட்டமா பேசுற மாதிரி இருக்கும். முதல் பாட்டு 'பெட்டர் கிட் இட் இன் யுவர் சோல்' கேளுங்க. மைக்கைப் பத்தி கவலைப்படாம மிங்கஸ் பின்னாடி கத்திட்டே இருப்பார். கறுப்பர் சர்ச்சுல பிரசங்கத்துக்கு ஜனங்க எதிர்க்குரல் கொடுக்கிற மாதிரி.

அடுத்து 'குட்பை போர்க் பை ஹேட்'. லெஸ்டர் யங்குங்கிற பெரிய சாக்ஸஃபோன் கலைஞர் அந்த வருஷம் மார்ச் 15ஆம் தேதி இறந்தார். அவர் எப்பவும் போடுற தொப்பியோட பேர்தான் தலைப்பு. ரெண்டு மாசம்கூட ஆகலை, மிங்கஸ் இந்த இரங்கல் பாட்டைப் பதிவு பண்ணிட்டார். நான் கேட்ட இரங்கல் இசையில இதுதான் ரொம்பக் கண்ணியமானது. அழுகையைப் பிழியாது. மெதுவா நடந்துட்டே இருக்கும், அவ்வளவுதான்.

இப்ப என் முதலிடத்துக்கான காரணம். 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்'. ஓர்வல் ஃபாபஸ் ஆர்கன்சா மாநில கவர்னர். 1957ல் லிட்டில் ராக் ஊர்ல வெள்ளைக்காரப் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல ஒன்பது கறுப்பு மாணவர்கள் சேர வந்தாங்க. அவங்களை உள்ளே விடாம தடுக்க மாநிலப் படையை அனுப்பினவர் இவர். கடைசியில ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தை அனுப்பித்தான் அந்தப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வேண்டியிருந்துச்சு. மிங்கஸ் இந்த ஆளோட பேர்ல ஒரு கோமாளி நடை எழுதினார். டிராம்போனும் சாக்ஸும் தொப்பையைத் தள்ளிக்கிட்டு நடக்கிற ஒரு பெரிய மனுஷன் மாதிரி ஆடி ஆடி வரும். திடீர்னு வேகம் மாறும், சீறும், திரும்பக் கோமாளியாகும்.

இந்தப் பாட்டுக்கு வரிகள் உண்டு, ஃபாபஸை நேரடியா முட்டாள்னு திட்டுற வரிகள். ஆனா இந்த ஆல்பத்துல இருக்காது. கொலம்பியா அனுமதிக்கலைன்னு பரவலா சொல்றாங்க. முதல்ல வெறும் இசையாத்தான் இருந்துச்சு, வரிகள் பின்னாடி வந்துச்சுன்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க. எது எப்படியோ, 1960ல் கேண்டிட்னு ஒரு சின்ன கம்பெனிக்காக மிங்கஸும் டிரம்மர் டானி ரிச்மண்டும் வரிகளோட பதிவு பண்ணிட்டாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க. வார்த்தையோட வர்றதுல கோபம் ஜாஸ்தி. ஆனா வார்த்தை இல்லாத முதல் பதிவுல, கொம்புகளோட தொனியிலயே கிண்டல் இருக்கு. தணிக்கை பண்ணணும்னு நினைச்சாகூட எங்கே கத்தரிக்கோல் வைப்பாங்க?

மத்த மூணு ஆல்பமும் தாளத்தை மாத்துச்சு, கார்டைத் தூக்குச்சு, ராகம் மாதிரி ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. ஸ்டூடியோக்குள்ள இதை எல்லாம் பண்ணலாம். பண்ணினா விமர்சகர் திட்டுவார், கம்பெனி முணுமுணுக்கும், அவ்வளவுதான். அதே ஆட்கள் வெளியே வந்து, தன் பேர் போட்ட வாசல்ல நின்னா அடி விழுது. நண்பனோட மேடை ஏறணும்னா கச்சேரியையே விட வேண்டியிருக்கு. மிங்கஸ் மட்டும்தான் இந்த நாலு பேர்ல அந்தத் தெருவையும் அதிகாரியோட பேரையும் சேர்த்து ஸ்டூடியோக்குள்ள கூட்டிட்டு வந்தார். கைண்ட் ஆஃப் ப்ளூதான் அழகு, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா 1959 எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தர் கேட்டா நான் மிங்கஸைத்தான் போட்டுக் காட்டுவேன்.

எப்படிக் கேட்கலாம்?

புதுசா வர்றவங்க டைம் அவுட்ல ஆரம்பிங்க, தொடையில தாளம் போட்டுக்கிட்டே. அடுத்த வாரம் கைண்ட் ஆஃப் ப்ளூ, ஹெட்ஃபோன்ல, வேற வேலை பார்க்காம ஒரு தடவையாவது. அப்புறம் மிங்கஸ், கொஞ்சம் சத்தமா. ஆர்னெட்டைக் கடைசியா வைங்க. பிடிக்கலைன்னா பத்து நாள் கழிச்சு 'லோன்லி வுமன்' மட்டும் திரும்பக் கேளுங்க. எல்லாத்துலயும் ஷஃபிளை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. இவங்க பக்கம் ஒண்ணு, பக்கம் ரெண்டுன்னு யோசிச்சு அடுக்கி வெச்சிருக்காங்க.

உங்க லிஸ்ட்ல வரிசை மாறினா எழுதி அனுப்புங்க, காரணத்தோட. வேற எந்த வருஷத்தை இப்படி எடுத்துப் பேசலாம்னும் சொல்லுங்க. விதி அதேதான், அந்த வருஷமே கடைக்கு வந்திருக்கணும். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.